சண்முகவடிவு ஊற்றிய தண்ணீர்

வேறு யாரும் போகச் சம்மதிக்காததால்தான் சண்முகவடிவு அந்தத் துறைக்குப் போனார்.

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகிற சாலையில் இருக்கும் மகளிர் கல்லூரி அது. பதினொரு வருடங்களுக்கு முன்பு கூட்டித் துடைக்கிற வேலைக்கு ஆறு பெண்களை எடுத்தார்கள். நுண்ணுயிரியல் ஆய்வகத்துக்கு ஒரு ஆள் வேண்டும் என்று கேட்டபோது ஐந்து பேர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கிருமி வளர்க்கிற இடமாம், தொட்டால் ஒட்டிக்கொள்ளுமாம் என்று வளாகம் முழுக்கப் பேச்சு. வடிவுக்கு அப்போது முப்பத்து மூன்று வயது.

"நூல் மில்லுல எட்டு வருசம் பஞ்சுத் தூசிய முழுங்கியாச்சு. இதுக்கு மேல ஒரு கிருமி வந்து என்ன செஞ்சிரப்போகுது? நான் போறேன்" என்றார்.

பத்தாம் வகுப்பில் கணக்கில் மட்டும் தவறியவர். ஆய்வகத்தில் கண்ணாடிச் சாமான் கழுவுவதுதான் வேலை என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். ஆனால் ஒரே வருடத்தில், மாணவிகள் தேடுகிற எதுவும் அவரைக் கேட்டால்தான் கிடைக்கும் என்றாகிவிட்டது. கிருமிகள் தின்று வளர்கிற திரவத்தைக் காய்ச்சுவது அவர் வேலையானது. அதற்குப் புத்தகத்தில் நீளமாக ஒரு பெயர் உண்டு. வடிவு அதைக் கஞ்சி என்பார். நாளடைவில் பேராசிரியர்களும் கஞ்சி என்றே சொல்லத் தொடங்கினார்கள். மூடியைத் திறப்பதற்கு முன்பே எந்தத் தட்டில் எது வளர்ந்திருக்கிறது என்று வாசனையை வைத்துச் சொல்லிவிடுவார். ஒன்று சாக்கடை நாற்றம். ஒன்று, நம்புவதற்குக் கஷ்டமாக இருக்கும், நன்றாகப் பழுத்த திராட்சை. ஈஸ்ட் என்றால் புளித்த தோசை மாவு.

கணவர் அழகுராஜா குடிதண்ணீர் கேன் வண்டி ஓட்டுகிறார். திருச்சுழிப் பக்கம் ஒரு ஆலையில் இருபது லிட்டர் கேன்களை ஏற்றிக்கொண்டு கடை கடையாக, பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக இறக்குகிற வேலை. பிள்ளைகள் இல்லை. அதைப் பற்றி இருவரும் பேசிக்கொள்வதை எப்போதோ நிறுத்திவிட்டார்கள்.

சுஜிதா ஆராய்ச்சி மாணவியாக வந்து சேர்ந்தது நான்கு வருடங்களுக்கு முன்பு. மல்லாங்கிணற்றிலிருந்து தினமும் இரண்டு பஸ் மாறி வருவாள். முதல் நாளே கழுவுகிற தொட்டிப் பக்கம் வந்து, "வடிவக்கா, நான் உடைச்சா திட்டுவீங்களா?" என்று கேட்டாள்.

"உடைச்சுட்டு மறைச்சா திட்டுவேன்" என்றார் வடிவு.

அவள் செய்துகொண்டிருந்த ஆராய்ச்சியை வடிவுக்குப் புரிகிற மாதிரி அவளே ஒருமுறை சொன்னாள். மழை பெய்ததும் கண்மாயில் கத்துகிற சின்னத் தவளை இருக்கிறது. சேற்றிலேயே கிடக்கிறது, அதற்கு ஒரு புண்ணும் வருவதில்லை. காரணம், அதன் தோலில் ஊறுகிற ஒரு பொருள். புரதத்தின் சின்னத் துண்டு, பெப்டைடு என்று பெயர். அதைப் பார்த்து, கொஞ்சம் மாற்றி, பதினெட்டு மணி கோத்த மாலை மாதிரி ஒன்றை இவள் வடிவமைத்திருந்தாள். ஹைதராபாத்தில் ஒரு நிறுவனம் அதைச் செய்து, கடுகளவு வெள்ளைத் தூளாகச் சின்னக் குப்பிகளில் அனுப்பியது.

"பழைய மருந்துக்கெல்லாம் கிருமி பழகிருச்சுக்கா. இது வேற மாதிரி. நேரா போயி கிருமியோட தோலக் கிழிச்சிரும்."

"தவளைக்குள்ள இம்புட்டு இருக்கா? நாங்க வாலப் பிடிச்சு வெளாடியிருக்கோம், தலப்பிரட்டையா இருக்கப்ப."

சோதனை செய்கிற தட்டு உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிது. அதில் தொண்ணூற்றாறு சின்னக் குழிகள். முதல் குழியில் பெப்டைடு அதிகம், அடுத்ததில் பாதி, அதற்கடுத்ததில் அதிலும் பாதி என்று குறைந்துகொண்டே போகும். எல்லாக் குழியிலும் கஞ்சியும் கிருமியும் ஒரே அளவு. மறுநாள் காலையில் பார்த்தால், கிருமி வளர்ந்த குழி கலங்கியிருக்கும். செத்த குழி தெளிந்திருக்கும். எத்தனையாவது குழி வரைக்கும் தெளிந்திருக்கிறது என்பதுதான் கணக்கு. சீழ்ப் புண்ணில் இருக்கிற ஒரு பாக்டீரியா, குடலில் இருக்கிற ஒன்று, நோயாளிகளின் வாயிலும் தோல் மடிப்பிலும் படர்ந்து படுத்துகிற ஒரு ஈஸ்ட் என்று மூன்றை வைத்துச் சோதித்தாள். முதல் இரண்டு முறையும் நன்றாக வந்தது. ஈஸ்ட் வரிசையில் ஆறாவது குழி வரைக்கும் பளிச்சென்று தெளிவு. அன்றைக்கு சுஜிதா அந்தத் தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு துறை முழுக்கச் சுற்றி வந்தாள். கட்டுரை எழுதி ஒரு ஆய்விதழுக்கு அனுப்பினாள். ஈஸ்ட் சோதனையை இன்னும் மூன்று முறை செய்து காட்டுங்கள், பிரசுரிப்பதைப் பற்றி யோசிக்கலாம் என்று பதில் வந்தது.

அந்த மூன்று முறையில்தான் எல்லாம் கெட்டது.

அது ஒரு செவ்வாய்க்கிழமை காலை. ஆய்வகத்தின் பின்னறையில் தண்ணீரைக் கொதிக்கவைத்து, ஆவியைக் குளிரவைத்து, சொட்டுச் சொட்டாகச் சுத்தமான தண்ணீராக வடிக்கிற இயந்திரம் ஒன்று உண்டு. அந்த ஊர் போர் தண்ணீரில் உப்பு அதிகம். பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. இயந்திரத்துக்குள் வெள்ளை வெள்ளையாக ஓடு கட்டிக்கொண்டே இருக்கும். மாதம் இரண்டு முறை வடிவு சுரண்டி எடுப்பார். அன்று இயந்திரத்தைப் போட்டுவிட்டு நிற்கும்போது போன் வந்தது. அழகுராஜா வண்டியிலிருந்து கேனோடு சறுக்கி விழுந்துவிட்டார், அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறார்கள் என்று யாரோ சொன்னார்கள். வடிவு செருப்பைக்கூட மாற்றாமல் ஓடினார். முழங்கையில் நான்கு தையல், வேறொன்றுமில்லை. அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு மூன்று மணி நேரம் கழித்துத் திரும்பியபோது பின்னறையில் கரிந்த வாடை. இடையில் போர் மோட்டார் நின்று தண்ணீர் வரத்து அறுந்திருக்கிறது. காய்ந்த தொட்டியில் தண்ணீரைச் சூடாக்குகிற கம்பி பழுத்து, வெடித்து, கருகிக் கிடந்தது.

அவர் அன்றே சொல்லியிருக்கலாம். துறைத் தலைவர் சுமதி மேடத்தின் அறை வாசல் வரைக்கும் போகவும் செய்தார். உள்ளே அவர் யாரையோ உரக்கக் கண்டித்துக்கொண்டிருந்தார். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று திரும்பிவிட்டார். நாளைக்கு வேறு வேலை வந்தது. பிறகு திங்கள்கிழமை சொல்லலாம் என்று நினைத்தார். அதற்குள் கஞ்சிக்குத் தண்ணீர் வேண்டியிருந்தது.

"காலேஜு கேன்டீனுக்கு இறக்குறப்ப எங்க ஆய்வகத்துக்கும் ரெண்டு கேனு சேத்து இறக்குங்க" என்று கணவரிடம் சொன்னார். பிள்ளைகள் குடிக்கிற தண்ணீர்தானே, கண்ணாடி மாதிரி இருக்கிறதே, அதில் என்ன குறை என்று மனதுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டு, வடிநீர் என்று தன் கையாலேயே எழுதி ஒட்டியிருந்த போத்தல்களில் அதை ஊற்றி வைத்தார்.

சுஜிதாவின் அடுத்த தட்டில் ஈஸ்ட் வரிசை முழுக்கக் கலங்கியிருந்தது. பாக்டீரியா வரிசைகளும் முன்னைப் போல இல்லை, ஐந்தாம் குழி வரைக்கும் தெளிந்தது இப்போது மூன்றாம் குழியோடு நின்றது. அவள் மறுபடி செய்தாள். மறுபடியும் அதே. கிருமி பழசாகிவிட்டதா என்று புதிதாக வளர்த்தாள். அளந்து ஊற்றுகிற பைப்பெட்டுகளைச் சரிபார்த்தாள். தட்டில் பெப்டைடு ஒட்டிக்கொள்கிறதோ என்று வேறு பிளாஸ்டிக் தட்டு வாங்கினாள். ஐந்து வாரம். குப்பிகள் ஒவ்வொன்றாகத் தீர்ந்தன. பேச்சு குறைந்தது. சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே திரும்ப எடுத்துப்போனாள்.

ஒருநாள் அவள் பின்னறை வாசலில் வந்து நின்றாள். "அக்கா, தண்ணி நம்ம மிஷினு தண்ணிதான?"

வடிவு திரும்பிப் பார்க்கவில்லை. குழாயைத் திறந்துவிட்டு, "ஆமா பாப்பா" என்றார்.

சுஜிதா சரி என்று தலையாட்டிவிட்டுப் போய்விட்டாள். அவள் மேற்கொண்டு எதுவும் கேட்காததுதான் வடிவை அன்று முழுக்க உறுத்தியது. ஆனாலும் தட்டு கெட்டதற்கும் தண்ணீருக்கும் சம்பந்தம் இருக்கும் என்று அவருக்கு அப்போது நிச்சயமாகத் தெரியாது.

தெரிந்தது அடுத்த வாரம். சுஜிதா இரண்டாம் வருட மாணவிகளுக்குப் பலகையில் படம் போட்டு விளக்கிக்கொண்டிருந்தாள். வடிவு பின்வரிசை மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பெப்டைடுக்கு ஒரு மின்னேற்றம் உண்டு. கிருமியோட தோலுக்கு நேர் எதிரான மின்னேற்றம். காந்தம் மாதிரி போய் ஒட்டும். ஆனா சுத்தியும் உப்பு நெறய இருந்தா, உப்பு முந்திக்கிட்டுப் போய் அந்த இடத்துல உக்காந்துக்கிரும். பஸ்ஸுல துண்டு போட்டு இடம் பிடிக்கிற மாதிரி. அதுக்கப்புறம் பெப்டைடு வந்து என்ன செய்யும்? நின்னுக்கிட்டே வர வேண்டியதுதான்."

மாணவிகள் சிரித்தார்கள். வடிவின் கையிலிருந்த துணி நின்றது.

அன்று சாயங்காலம் வீட்டில் அழகுராஜா வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது வடிவு கேட்டார். "என்னங்க, அந்தக் கேன் தண்ணியில ஏதாச்சும் கலப்பாகளா?"

"பின்ன? வெறும் மிஷினுல வர்ற தண்ணி சப்புன்னு இருக்கும்ல. வாயில வைக்க ஏலாது. ருசிக்கு உப்பு விடுவாக. ரெண்டு மூணு உப்பு, டப்பாவுல வச்சிருப்பாக. ஏன்?"

வடிவு அடுப்படிக்குள் போய் உட்கார்ந்துவிட்டார். சற்று நேரம் பொறுத்து அழகுராஜாவே உள்ளே வந்து, தையல் தழும்பிருந்த கையைச் சுவரில் ஊன்றிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். வடிவு எல்லாவற்றையும் சொன்னார். அழகுராஜா கேட்டுக்கொண்டே இருந்தார்.

"வேலைய விட்டு எடுத்திருவாகளோ?"

"எடுக்கலாம்."

"எடுத்தா வண்டியில கூட வந்து கேனு இறக்கு" என்றார் அழகுராஜா. பிறகு, "அந்தப் புள்ளட்ட மொதல்ல சொல்லிரு" என்றார்.

மறுநாள் காலையில் வடிவு போய்ச் சேர்ந்தபோது சுஜிதா ஏற்கனவே சுமதி மேடத்தின் அறையில் இருந்தாள். கதவு பாதி திறந்திருந்தது.

"நான் உன்ன சந்தேகப்படல சுஜிதா. ஆனா கேட்டுத்தான் ஆகணும். மொதல் ரெண்டு தடவை வந்த ரீடிங் எப்படி வந்துச்சு? அதுக்கப்புறம் ஆறு தடவை வரலையே. நாளைக்கு வெளிய இருந்து ஒருத்தர் கேட்டா நான் என்ன பதில் சொல்ல?"

"எனக்கும் தெரியல மேடம். நான் பாத்ததத்தான் எழுதுனேன்." சுஜிதாவின் குரல் தாழ்ந்திருந்தது. "கட்டுரையத் திரும்ப வாங்கிக்கிறேன்னு லெட்டர் எழுதியிருக்கேன். நீங்க ஒரு தடவை படிச்சுப் பாத்துட்டா அனுப்பிருவேன்."

வடிவு கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். அனுமதி கேட்காமல் அந்த அறைக்குள் அவர் போனது அதுவே முதல் முறை.

"அனுப்பாத பாப்பா. தண்ணி என்னோடது."

இருவரும் அவரைப் பார்த்தார்கள். வடிவு நின்றபடியே சொன்னார். செவ்வாய்க்கிழமை, போன், கருகிய கம்பி, கேன், டப்பாவில் வைத்திருக்கிற உப்பு. எதையும் விடவில்லை. "அவ கேட்டா மேடம். நம்ம மிஷினு தண்ணிதானன்னு எங்கிட்ட நேரா கேட்டா. நான் ஆமான்னு சொன்னேன்."

சுமதி மேடம் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். சுஜிதா எழுந்தாள். கையிலிருந்த கடிதத்தை மேசையில் வைத்தாள்.

"நான் கேட்டேன்லக்கா" என்றாள். அவ்வளவுதான். வெளியே போய்விட்டாள்.

இரண்டு நாள் அவள் ஆய்வகத்துக்கு வந்தாள், போனாள், வடிவோடு ஒரு வார்த்தை பேசவில்லை. கோபமாக ஏதாவது சொல்லியிருந்தால் தேவலை என்றிருந்தது வடிவுக்கு. சுமதி மேடம் எழுத்தில் விளக்கம் கேட்டார். வடிவு ஒரு முழுத் தாளில், தன் கையெழுத்தில், கோடு தாண்டாமல் எழுதிக்கொடுத்தார். புதிய கம்பி வர மூன்று வாரமாகும் என்றார்கள். சுஜிதாவிடம் மிச்சமிருந்தது ஒரே ஒரு குப்பி.

விருதுநகரில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் மாரீஸ்வரி என்றொரு உதவியாளர் இருந்தார். எப்போதோ ஒரு பயிற்சி நாளில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பழக்கம். வடிவு அவருக்குப் போன் செய்தார். அங்கே நல்ல இயந்திரம் உண்டு. துறையில் சொல்லி அனுமதி வாங்கி, "வெள்ளிக்கிழம வாங்க, வடிச்சு வைக்கேன்" என்றார் மாரீஸ்வரி. வடிவு அரை நாள் விடுப்புப் போட்டு, ஐந்து லிட்டர் கேன் இரண்டை நான்கு முறை அலசி எடுத்துக்கொண்டு பஸ் ஏறினார். மாரீஸ்வரி நிரப்பிக் கொடுத்ததோடு, தண்ணீரில் உப்பு எவ்வளவு இருக்கிறது என்று ஒரு கருவியை முக்கி அளந்து, எண்ணை ஒரு சீட்டில் எழுதியும் கொடுத்தார். கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை.

திரும்பும் பஸ்ஸில் இரண்டு கேனையும் கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தவரைப் பார்த்துக் கண்டக்டர் கேட்டார். "என்னக்கா, ராமேஸ்வரம் தீர்த்தமா?"

"தீர்த்தத்துல உப்பு இருக்கும் தம்பி. இதுல அதுகூட இல்ல."

அவர் ஆய்வகத்துக்குள் நுழைந்தபோது சுஜிதா வெறும் மேசையின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். வடிவு கேன்களை இறக்கி வைத்து, சீட்டை அவள் முன்னால் வைத்தார். கேன்களைக் கயிற்றில் கட்டித் தூக்கி வந்ததில் தோள்பட்டை சிவந்து கோடு விழுந்திருந்தது. சுஜிதா சீட்டைப் பார்த்தாள். பிறகு அந்தத் தோளைப் பார்த்தாள்.

"ஆட்டோவுல வந்திருக்கலாம்ல?"

"குலுங்கி மூடி தொறந்துக்கிட்டா?"

சுஜிதா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். "ரெண்டு கஞ்சி காய்ச்சுங்கக்கா. ஒண்ணு இந்தத் தண்ணியில. ஒண்ணு கேன் தண்ணியில."

"கேன் தண்ணியில எதுக்கு?"

"தண்ணிதான் காரணம்னு நீங்க சொல்றீங்க. நானும் நம்புறேன். ஆனா தட்டு சொல்லணும்."

அன்று மதியம் வடிவு இரண்டு கஞ்சியும் காய்ச்சினார். ஒரே எடை, ஒரே நேரம், ஒரே பாத்திர வகை. போத்தல்களில் ஒன்றில் 'விருதுநகர்' என்றும் மற்றதில் 'கேன்' என்றும் எழுதி ஒட்டினார். சுஜிதா கடைசிக் குப்பியைக் கரைத்தாள். குழிகளில் ஊற்றும்போது அவள் மூச்சுகூடச் சத்தமில்லாமல் விட்டாள். வடிவு பக்கத்தில் நின்று, பயன்படுத்திய பைப்பெட் முனைகளை வாங்கி வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தார். தட்டுகளைக் கிருமி வளர்க்கிற சூட்டுப்பெட்டியில் வைத்துக் கதவைச் சாத்தியபோது மணி நாலரை.

சனிக்கிழமை கல்லூரி விடுமுறை. ஆனாலும் காலை ஒன்பதுக்கு முன்பே இருவரும் வந்துவிட்டார்கள். காவலாளி கருத்தம்மாள்தான் சாவி கொடுத்தார். சுஜிதா பெட்டியின் முன்னால் போய் நின்றாள், திறக்கவில்லை.

"நீங்க எடுங்கக்கா."

வடிவு கையைத் துடைத்துக்கொண்டு இரண்டு தட்டையும் எடுத்து ஜன்னலோரம் வெளிச்சத்தில் வைத்தார். குனிந்து பார்த்தார். கேன் தண்ணீர்த் தட்டில் ஈஸ்ட் வரிசை முதல் குழியிலிருந்தே மோர் மாதிரி கலங்கிக் கிடந்தது. விருதுநகர்த் தண்ணீர்த் தட்டில் ஒன்று தெளிவு. இரண்டு தெளிவு. அவர் விரலால் தொடாமல் எண்ணிக்கொண்டே போனார். நான்கு, ஐந்து, ஆறு. ஏழாவதில்தான் அடியில் ஒரு வெள்ளைப் பொட்டு.

"ஆறு" என்றார். "பாப்பா, ஆறு."

சுஜிதா பக்கத்தில் வந்து பார்த்தாள். மறுபடி எண்ணினாள். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, மேசையில் முகத்தை வைத்து அழுதாள். வடிவு அவள் முதுகைத் தடவிக்கொடுக்கப் போனவர், கையில் கிருமி பட்டிருக்குமே என்று ஓடிப்போய் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்தார். அதற்குள் சுஜிதா அழுது முடித்திருந்தாள்.

"ரெண்டு நாள் உங்கட்டப் பேசாம இருந்தது எனக்குத்தான் கஷ்டமா இருந்துச்சு" என்றாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"நீ திட்டியிருக்கலாம்."

"மறைச்சா திட்டுவேன்னு நீங்கதான் சொல்லுவீங்க. எனக்குத் திட்டத் தெரியல."

திங்கள்கிழமை சுமதி மேடம் இரண்டு தட்டுகளின் படத்தையும் வெகுநேரம் பார்த்தார். சுஜிதாவிடம், "அந்தக் கேள்விய நான் வேற மாதிரி கேட்டிருக்கணும். மனசுல வச்சுக்காதம்மா" என்றார். வடிவு எழுதிக்கொடுத்த தாள் மேசையில் இருந்தது. "அன்னைக்கே சொல்லியிருந்தா அஞ்சு வாரம் மிஞ்சியிருக்கும் வடிவு."

"பயம் மேடம்."

"யார்ட்ட?"

வடிவு பாதி சாத்தியிருந்த அறைக்கதவைத் திரும்பிப் பார்த்தார். சுமதி மேடம் திரும்பக் கேட்கவில்லை. எச்சரிக்கைக் கடிதம் ஒன்று கோப்பில் ஏறியது. அதை வடிவு தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. தண்ணீர் நின்றால் தானாக அணைகிற புதிய இயந்திரம் ஒன்று வந்தது. அதனோடு, மாரீஸ்வரி வைத்திருந்த மாதிரி உப்பை அளக்கிற ஒரு கருவியும். சுமதி மேடத்தின் அறைக்கதவு அதன் பிறகு பகலில் முழுக்கத் திறந்தே இருந்தது. ஏன் என்று யாரும் கேட்டுக்கொள்ளவில்லை.

இதெல்லாம் நடந்து ஒரு மாதம் இருக்கும். ஒருநாள் கையுறையைக் கழற்றும்போது வடிவு முகம் சுளித்ததை சுஜிதா பார்த்துவிட்டாள். கையைப் பிடித்துத் திருப்பினாள். நடுவிரலிலும் மோதிர விரலிலும் நகத்தைச் சுற்றி வீங்கி, மினுமினுவென்று சிவந்திருந்தது.

"எத்தன நாளா இப்படி?"

"இது வரும் போகும். ஈரத்துலயே கெடக்குற கை."

அன்று மதியமே அருப்புக்கோட்டையில் தோல் டாக்டரிடம் கூட்டிப்போனாள். நகத்தோரம் பஞ்சுக் குச்சியால் எடுத்ததில் ஒன்றை டாக்டர் சுஜிதாவிடமும் கொடுத்தனுப்பினார். தட்டில் தடவி இரண்டு நாள் வைத்துத் திறந்தபோது, வடிவே முகர்ந்து பார்த்துச் சொன்னார்: "தோச மாவு." அவர் இத்தனை வருடம் தட்டுகளிலிருந்து கழுவிவிட்ட அதே இன ஈஸ்ட்.

புதிதாக வந்திருந்த பெப்டைடை வைத்து அதையும் சோதித்தார்கள். ஐந்தாம் குழி வரைக்கும் தெளிவு. வடிவுக்கு அதைப் பார்க்க விநோதமாக இருந்தது. தன் விரலில் குடியிருந்தது அங்கே செத்துக் கிடக்கிறது.

"அப்ப இதுல ஒரு சொட்டு எடுத்து நகத்துல விட்டா சரியாயிரும்ல?"

"கூடாதுக்கா. மொதல்ல இது யாருக்கும் குடுத்துப் பாக்காத பொருள். ரெண்டாவது..." சுஜிதா நிறுத்தினாள்.

"ரெண்டாவது?"

"உங்க வேர்வையில உப்பு இருக்கு. ரத்தத்துல உப்பு இருக்கு. கேன் தண்ணிக்கே தோத்துப்போன பொருள் உங்க விரல்ல எப்படி நிக்கும்?"

வடிவு கொஞ்சம் யோசித்தார். "தவளைக்கு மட்டும் எப்படி நிக்குது?"

சுஜிதா அந்தக் கேள்வியை நோட்டில் எழுதிக்கொண்டாள்.

அதன் பிறகு அவள் ஆராய்ச்சியின் திசையே கொஞ்சம் மாறியது. எந்த உப்பு எவ்வளவு இருந்தால் பெப்டைடு தோற்கிறது என்று ஒவ்வொன்றாகச் சோதித்தாள். மாலையில் இரண்டு மணியை மாற்றிக் கோத்து வாங்கிய புதிய பெப்டைடு முன்னதைவிடக் கொஞ்சம் தாங்கியது. முழுக்கத் தாங்கவில்லை. கட்டுரை வெளியானபோது, இதோ ஒரு புது மருந்து என்று அதில் இல்லை. இந்தப் பொருள் எங்கே ஜெயிக்கிறது, எங்கே தோற்கிறது என்று இரண்டும் இருந்தன. முதலில் அனுப்பியதைவிட இது நல்ல கட்டுரை என்று சுமதி மேடம் சொன்னார். வடிவின் விரலுக்கு டாக்டர் எழுதிக்கொடுத்த பழைய களிம்பே போதுமானதாக இருந்தது. ஆறு வாரத்தில் வீக்கம் வடிந்தது. இப்போது கையுறைக்குள் பருத்திக் கையுறை ஒன்றும் போட்டுக்கொள்கிறார், சுஜிதா வாங்கிக்கொடுத்தது.

போன பங்குனியில் சுஜிதா ஆய்வேட்டை முடித்துக்கொடுத்தாள். கோயம்புத்தூரில் ஒரு ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை கிடைத்திருந்தது. கடைசி நாள் மேசையைக் காலி செய்துவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, வடிவோடு சேர்ந்து சாலை வரைக்கும் நடந்து வந்தாள். நான்கு மணி வெயில். பஸ் நிறுத்தத்துக்கு நிழல் தர இருந்தது ஒரு வேலிக்கருவை மரம் மட்டும்தான். அருப்புக்கோட்டை போகிறவர்கள் இந்தப் பக்கம், திருச்சுழி போகிறவர்கள் எதிர்ப்பக்கம் நிற்க வேண்டும். திருச்சுழிப் பக்கம் போக வேண்டிய வடிவு சாலையைக் கடக்காமல் இவளோடே நின்றார்.

"அங்க ஆய்வகம் பெருசா இருக்குமா?"

"பெருசுதான்க்கா. நம்மது மாதிரி பத்து வைக்கலாம்."

"கழுவ எத்தன பேரு?"

"மிஷினு கழுவுமாம்."

வடிவுக்கு அது பிடிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. சுஜிதா சிரித்துவிட்டாள். தூரத்தில் அருப்புக்கோட்டை பஸ் புழுதியோடு வந்தது. வந்து நின்றது. கண்டக்டர் படியில் நின்று கை காட்டினார். சுஜிதா பையைச் சரிசெய்தவள், ஏறாமல், போகச்சொல்லிக் கையசைத்தாள்.

"என்ன பாப்பா, பஸ்ஸ விட்டுட்ட? அடுத்தது அஞ்சு மணிக்குத்தான்."

"இருக்கட்டும்க்கா. அதுல போறேன்" என்று அவள் பையை இறக்கிவைத்து, மரத்தடியில் கிடந்த கல்லின் மேல் வடிவுக்கும் இடம் விட்டு உட்கார்ந்தாள்.